பெலெற் அடுப்பும் மலரின்ர தலையிடியும்

வாங்கோ தம்பி, வாங்கோ. கதவைக் கெதியாச் சாத்துங்கோ, சூடு போயிடும். சப்பாத்தை உதில கழட்டுங்கோ. ஜக்கெற்றை உங்க கொளுவ வேண்டாம், இஞ்ச தாங்கோ, நான் இந்த அலுமாரிக்குள்ள வைக்கிறன். மனிசி இண்டைக்கு நண்டு சமைச்சவள். மணம் பிடிச்சிடும். ஆனாப் பயப்பிடாதையுங்கோ, குசினியில ஃபான் ஓடுது, கேக்குதோ? காலமையில இருந்து ஓடுது. நீங்கள் வாறியள் எண்டு வேகத்தைக் கூட்டி விட்டிருக்கிறன்.

அந்தக் கதிரையில இருங்கோ, அதுதான் அடுப்புக்குக் கிட்ட. ஸ்காபரோவில இருந்து ரெண்டரை மணித்தியாலம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, அதுவும் உந்த ஸ்னோவுக்குள்ள. மற்ற இன்சூரன்ஸ்காரர் ஃபோனில நாலு கேள்வி கேட்டு எழுதிப்போட்டு வைச்சிடுவினம். நீங்கள் வீட்டை வந்து பாத்துத்தான் எழுதுவன் எண்டு சொன்ன உடனேயே எனக்கு உங்களைப் பிடிச்சிட்டுது. கஜரூபன் தானே பேர்? என்னைக் கடாட்சம் அண்ணை எண்டே கூப்பிடுங்கோ. சிவகடாட்சம் எண்டு முழுசாச் சொல்ல இந்த நாட்டில ஒருத்தருக்கும் நேரமில்லை.

மனிசி மேல படுத்திருக்கிறாள். தவமலர். நான் மலர் எண்டுதான் கூப்பிடுறனான். சமைச்சு முடிச்சிட்டு, கொஞ்சம் சரியிறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவள். எழும்பி வரட்டும், தேத்தண்ணி போடச் சொல்லுறன். முதல் உங்கட வேலையைப் பாப்பம். ஃபோமை எடுங்கோ.

வீட்டைச் சூடாக்கிறது எதால? பெலெற் அடுப்பால. உதுதான். நீங்கள் கண்டிருக்க மாட்டியள், ஸ்காபரோவில ஆர் உது வைச்சிருக்கினம்? மரத்தூளை இறுக்கிச் சின்னச் சின்னக் குச்சியா, கோழித்தீன் மாதிரிச் செய்து பையில விக்கிறாங்கள். மேல இருக்கிற பெட்டிக்குள்ள ஒரு பையைக் கொட்டினா, அதுவாக் கொஞ்சம் கொஞ்சமா நெருப்புக்குள்ள தள்ளிக்கொண்டிருக்கும். கரண்டில ஓடுற மூளை இருக்கு. விறகு கொத்தத் தேவையில்லை.

ஆர் பூட்டினது? கடைக்காரன்தான். லைசென்ஸ் உள்ளவன், பேப்பர் இருக்கு. ஆனாத் தெரிஞ்சு எடுத்தது நான். நாலு மாசம் தம்பி, நாலு மாசம் வேற வேலை பாக்கேல்லை. கொப்பி ஒண்டு வைச்சு எழுதினன். இந்த வீட்டுக்கு எத்தினை சதுர அடி, அதுக்கு எவ்வளவு சூடு வேணும், சாம்பல் பெட்டி எவ்வளவு பெரிசு, எந்தக் கொம்பனிக்குச் சாமான் உடைஞ்சா உடனே கிடைக்கும். பெரிய அடுப்பு வாங்கிப்போட்டு அதைச் சின்னனா எரிக்கிறது பிழை, புகைதான் மிஞ்சும். சின்ன அடுப்பை வாங்கி நாள் முழுக்க முறிய விடுறதும் பிழை. மூண்டு கடை ஏறி இறங்கினன். மூண்டாவது கடைக்காரன் என்னைக் கண்டா உள்ளுக்க போய் ஒளிச்சுக்கொள்ளுற அளவுக்கு வந்திட்டுது.

ஒரு இடத்திலதான் அவனோட கொழுவல் வந்தது. புகை வெளியால போறதுக்குச் சுவரில ஒரு ஓட்டை, அடுப்பு எரியிறதுக்குக் காத்து உள்ள வர இன்னொரு ஓட்டை, ரெண்டு போடவேணும் எண்டான். நான் கேட்டன், காத்து எங்க இருந்து வரும்? வெளியில இருந்தாம். வெளியில எவ்வளவு? மைனஸ் இருபத்தைஞ்சு. அப்ப வீட்டைச் சூடாக்க வாங்கின அடுப்புக்கு நானே ஓட்டை போட்டுக் குளிரை ஊட்டிவிடுறதோ? அவன் தோளைக் குலுக்கினான். வீட்டுக்குள்ள காத்து இருக்குத்தானே, அதை எடுத்து எரியட்டும் எண்டு சொல்லிப்போட்டன். என்னட்டை ஒரு பேப்பரில கையெழுத்து வாங்கிக்கொண்டு போனவன். பயந்தவங்கள் தம்பி, எல்லாத்துக்கும் கையெழுத்து.

நெத்தியைத் தடவுறியள்? ரோட்டு வெளிச்சம் கண்ணில அடிச்சிருக்கும். ஸ்னோ வெய்யிலுக்கு அப்பிடித்தான். கொஞ்சத்தில சரியாப் போயிடும்.

அதுக்குப் பிறகு நான் வீட்டை அடைச்ச அடைப்பு இருக்கே, அதையும் எழுதலாமெண்டா எழுதுங்கோ. யன்னலெல்லாம் பிளாஸ்ரிக் ஒட்டினன். கதவுக்கெல்லாம் ரப்பர். கரண்ட் குத்துற பிளக்குக்குப் பின்னால கூடப் பஞ்சு அடைச்சிருக்கு. மெழுகுதிரியைக் கொளுத்திக்கொண்டு மூலை மூலையாப் போய்ப் பாத்தன், சுவாலை ஆடினா எங்கயோ காத்து வருகுதெண்டு அர்த்தம். ஆடேல்லை தம்பி. ஒரு இடத்திலயும் ஆடேல்லை.

ஃபானோ? ஃபோமில ஃபானும் கேட்டிருக்கோ? கேக்கேல்லை, நீங்கள்தான் கேக்கிறியள். சத்தம் கூடத்தான். அது ரெஸ்ரோரன்ற்றில பூட்டிற ஃபான். ஒரு கடுதாசியைக் கிட்டக் கொண்டுபோனா இழுத்துப் பிடிச்சுக்கொள்ளும். அதுக்கு ஒரு காரணம் இருக்கு. நான் கார் ரயர் கொம்பனியில வேலை, இந்த ஊரில நான் ஒருத்தன்தான் தமிழன். போன வருசம் ஒருநாள் சாப்பாட்டு நேரம் முடிஞ்சு வாறன், என்ர ஜக்கெற் நான் கொளுவின இடத்தில இல்லை. ஆரோ ஒருத்தன் அதை எடுத்து, தனிய, அந்தக் கடைசிக் கொழுக்கியில கொண்டுபோய்க் கொளுவியிருக்கிறான். குப்பை வாளிக்கு மேல. எல்லாரும் தங்கட சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு வேலைக்குப் போச்சினம். நான் ஜக்கெற்றை எடுத்து மணந்து பாத்தன். எங்கட தாளிச்ச மணம்தான். எனக்கு நல்ல மணம். அண்டைக்குத் தீர்மானிச்சன், இனி என்ர வீட்டுச் சமையல் மணம் ஒரு நூல் துணியிலயும் ஏறக்கூடாது எண்டு. மலர் குசினி அடுப்பு மூட்ட முதல் ஃபானைப் போடவேணும், சமைச்சு முடிஞ்சும் மூண்டு மணித்தியாலம் ஓட வேணும். அது இந்த வீட்டுச் சட்டம்.

அதால ஒரு கரைச்சல் வந்ததுதான், ஒளிக்க மாட்டன். அவள் சமைக்கத் தொடங்கினாப் பெலெற் அடுப்பு நிண்டிடும். மீன் பொரிச்சா நிக்கும், சோறு வடிச்சா நிக்கும். பேய் பிடிச்ச மாதிரி. பிறகு நான் புத்தகத்தை வாசிச்சு, யூரியூப்பில பாத்துக் கண்டுபிடிச்சன். உள்ளுக்க ஒரு சின்னச் சுவிச் இருக்கு. காத்துக் காணாது எண்டு அது நினைச்சா அடுப்பை நிப்பாட்டிப்போடும். காத்துக் காணாதாம்! இவ்வளவு பெரிய வீடு நிறையக் காத்து இருக்கு. சுவிச்தான் பழுது எண்டு விளங்கிட்டுது. அதை எடுத்து விட்டிட்டு வயரை நேராக் குடுத்தன். அதுக்குப் பிறகு ஒரு நாளும் நிண்டதில்லை. உதை எழுதாதையுங்கோ. ஏன் பேனையை வைச்சிட்டியள்? எழுதாதையுங்கோ எண்டுதான் சொன்னனான், மற்றதை எழுதுங்கோ.

பராமரிப்பு? ஆகா, அதைக் கேளுங்கோ. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலமை அடுப்பை ஆற விட்டிட்டு நான் முழங்காலில நிப்பன். எரியிற கிண்ணத்தில கட்டியாப் பிடிச்சுக் கிடக்கிற சாம்பலைச் சுரண்டுவன். உள் மூலையெல்லாம் அதுக்கெண்டு வாங்கின வக்கூம். அடுப்புக் கதவைச் சுத்தியிருக்கிற நாரைத் துடைப்பன். மலர் சொல்லுவாள், என்னை உப்பிடி ஒரு நாள் துடைச்சிருப்பியளோ எண்டு. பகிடிக்குத்தான்.

அடுப்புக் கண்ணாடி கறுத்திருக்குத்தான். பாத்திட்டியள். அது பெலெற்றின்ர பிழை. சனிக்கிழமை மினுக்கினா ஞாயிற்றுக்கிழமை கறுக்குது. நெருப்பும் சோம்பேறியா, மஞ்சளா, ஆடி ஆடி எரியுது. மூண்டு விதமான பெலெற் மாத்திப் பாத்தன். நல்ல சாமான் இப்ப வாறேல்லை.

மேல பாருங்கோ, சீலிங்கில கம்பி வலை தெரியுதோ? அது நான் வெட்டினது. நேர மேல எங்கட படுக்கை அறை. மலருக்குக் குளிர் ஆகாது, கால் விறைச்சிடும். அடுப்புச் சூடு நேர அவளின்ர கட்டிலடிக்குப் போகவேணும் எண்டு நிலத்தை வெட்டி அந்த வலையைப் பூட்டினன். அவளுக்கெண்டு செய்தது. அவளுக்கு அது விளங்குதோ எண்டு கேட்டா, அதுதான் எனக்குத் தெரியேல்லை.

சொல்லட்டோ? நீங்கள் எங்கட பெடியன் மாதிரி இருக்கிறியள், சொல்லுறன். அவளுக்கு இந்த வீடு பிடிக்கேல்லை. அவளின்ர தமக்கை ஸ்காபரோவில. செல்வமணி மச்சாள். ரெண்டு பேரும் இருபத்தெட்டு வருசம் ஒரே ரோட்டில இருந்தவை. நான் இஞ்ச வீடு வாங்கினதில இருந்து முகம் சரியில்லை. பனி தொடங்கின உடனே, கார்த்திகை மாசம், தலையிடி தொடங்கினது. தலை பாரமா இருக்கப்பா. வயித்தைப் பிரட்டுதப்பா. காலெல்லாம் சோருதப்பா. ஒவ்வொரு நாளும். நான் வேலையால வந்து கதவைத் திறக்க முதல் உதுதான். டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனன். பிரசர் சரி, சீனி சரி. கண் டொக்டர் புதுக் கண்ணாடி குடுத்தான். தலையிடி போகேல்லை.

பொங்கலுக்குத் தமக்கை வீட்டை போனம். நாலு நாள். தம்பி, இதைக் கவனமாக் கேளுங்கோ. கார் ஹைவேயில ஏற முதல் தலையிடி சுகம்! அங்க நாலு நாளும் சிரிப்பென்ன, சமையலென்ன, ஒரு குளிசை போடேல்லை. திரும்பி வந்து இந்த வீட்டில கால் வைச்சா, அடுத்த நாள் திரும்ப வந்திட்டுது. வேற என்ன சாட்சி வேணும்? ஒரு வருத்தம் ஆளைப் பாத்து, வீட்டைப் பாத்து வருமோ?

எனக்கும் ஞாயிறு பின்னேரங்களில கொஞ்சம் தலை கனக்கும்தான். அது சனிக்கிழமை எடுக்கிற ரெண்டு பெக் விஸ்கியால. அதையும் இதையும் ஒண்டாக்கக் கூடாது.

போன ஞாயிறு நான் பொறுக்கேலாமக் கதைச்சுப்போட்டன். நடிக்காதை எண்டன். தமக்கையோட இருக்க விருப்பமெண்டா நேர சொல்லு, பெட்டியைக் கட்டு, உந்தத் தலையிடிக் கதையை இனி என்ர காதில போடாதை எண்டன். அவள் அழேல்லை. என்னைப் பாத்துக்கொண்டு நிண்டவள். சரியப்பா, இனிச் சொல்ல மாட்டன் எண்டாள். பாத்தியளோ, இந்த ஒரு கிழமையா ஒரு வசனம் இல்லை. வருவாள், சமைப்பாள், போய்ப் படுப்பாள். கதைக்க வேண்டிய மாதிரிக் கதைச்சா எல்லாரும் திருந்துவினம்.

என்ன தம்பி, யன்னலோ? திறக்கேலாது. பிளாஸ்ரிக் ஒட்டியிருக்கெண்டு சொன்னனே. தண்ணி தரட்டோ? வேண்டாமோ? சரி, அடுத்த கேள்வியைக் கேளுங்கோ.

காபன் மொனொக்சைட் அலாரம், உந்த மணமில்லாத நச்சுப் புகைக்குக் கத்துறது, இருக்கோ. இருக்கு. ஓம் எண்டு போடுங்கோ. எங்க எண்டோ? இந்த மேசை லாச்சிக்குள்ள. அது சுவரில இருக்கேக்க நாங்கள் சீவிக்கேலாது தம்பி. மலர் செத்தல் மிளகாய் பொரிச்சாக் கத்தும். மீன் பொரிச்சாக் கத்தும். ஒரு நாள் பால் காய்ச்சினதுக்கும் கத்தினது. வெள்ளைக்காரன் சூப்புக் குடிக்கிற வீட்டுக்குச் செய்த அலாரம், எங்கட சமையல் அதுக்குப் பிடிபடாது. பற்றறியைக் கழட்டி உள்ள வைச்சிட்டன்.

போட்டுக் காட்டினாத்தான் எழுதுவியளோ? நல்ல பிடிவாதக்காரன்தான் நீங்கள். இருங்கோ எடுக்கிறன். இந்தா. பற்றறி… இந்தா கிடக்கு. ஒரு நிமிசம் ஆகும், அது முதல் பச்சை வெளிச்சம் காட்டி, பிறகு…

கேக்குதோ! கேக்குதோ! காது வெடிக்குது! வேலை செய்யுதெண்டு சொன்னனே! எழுதுங்கோ, நல்லா வேலை செய்யுதெண்டு எழுதுங்கோ.

ஏன் எழும்பினியள்? ஏன் முகம் வெளிறிப்போச்சு? நம்பரோ? ஓம், நம்பர் காட்டுது, முந்தியும் காட்டினது. முந்தி இவ்வளவு பெரிய நம்பர் இல்லை. அது மிளகாய்க்குத்தான் தம்பி…

இண்டைக்கு மிளகாய் பொரிக்கேல்லை.

நண்டுக் குழம்பு மட்டும்தான். அதுவும் காலமை பதினொரு மணிக்கு இறக்கினது. இப்ப ரெண்டு மணி. குசினி அடுப்பு ஆறிப்போச்சு. அப்ப எதுக்குக் கத்துது?

உங்களுக்குத் தலையிடிக்குதெண்டோ சொன்னியள்? எப்ப தொடங்கினது? கார்ல வரேக்க இருந்ததோ? இல்லையோ? இஞ்ச வந்து இருந்த பிறகோ? தம்பி, விளையாடாதையுங்கோ. நீங்கள் அவளுக்குச் சொந்தமில்லை. அவளை நீங்கள் கண்டதுமில்லை. தமக்கையையும் தெரியாது. உங்களுக்குப் பொய் சொல்ல ஒரு தேவையும் இல்லை. உங்களுக்கு ஏன் தலையிடிக்குது?

மலர்!

மலர்! இஞ்சேரும்! எழும்பும்!

ஃபானை நிப்பாட்டுறது கிடக்கட்டும், முதல் கதவைத் திறவுங்கோ! முழுசாத் திறவுங்கோ, சூடு போனாப் போகட்டும்! அந்தப் பிளாஸ்ரிக்கைக் கிழிச்செறியுங்கோ! நான் மேல போறன். பதினொரு மணிக்குப் போய்ப் படுத்தவள். மூண்டு மணித்தியாலம். அந்த வலைக்கு மேலதான் அவளின்ர கட்டில். மலர்!

*

கார்ச் சூட்டை இன்னும் கூட்டுங்கோ தம்பி. அவளின்ர காலைத் தொட்டுப் பாருங்கோ, ஐஸ் மாதிரி இருக்கு. என்னை விடுங்கோ, எனக்குக் குளிரேல்லை, நான் வெளியில இப்பிடியே நிக்கிறன். அம்புலன்ஸ் வருகுதோ எண்டு திரும்ப ஒருக்காக் கேளுங்கோ. கேட்டதுதான், தெரியும், திரும்பக் கேளுங்கோ.

மூச்சு இருக்கு. பாத்தனான், நெஞ்சு ஏறி இறங்குது. கார்க் கண்ணாடியில ஆவி படியுது. முகத்தைப் பாருங்கோ, எவ்வளவு சிவப்பா வடிவா இருக்கு. இப்பிடிச் சிவப்பாத்தான் ரெண்டு மூண்டு கிழமையா இருந்தவள். நான் நினைச்சன், அடுப்புச் சூடு நல்லா ஏறுது, ஆள் தேறி வாறாள் எண்டு.

படியால தூக்கிக்கொண்டு இறங்கேக்க ஒருக்காக் கண்ணைத் திறந்தவள். நான் கத்திக்கொண்டு வாறன் தானே, மலர், மலர் எண்டு. நான் கோவத்தில கத்திறன் எண்டு நினைச்சிட்டாள். என்ன சொன்னவள் தெரியுமோ தம்பி? நீங்கள் கீழ நிண்டனியள், கேட்டிருக்க மாட்டியள். நான் ஒண்டும் சொல்லேல்லையப்பா எண்டாள். ஒண்டும் சொல்லேல்லையப்பா எண்டு ரெண்டு தரம் சொன்னவள். பிறகு கண்ணை மூடிப்போட்டாள்.

மலர், இஞ்ச பாரும். கண்ணைத் திறவும். நீர் சொல்லும். எவ்வளவு வேணுமெண்டாலும் சொல்லும். தலையிடிக்குதெண்டு சொல்லும்.

வந்திட்டாங்கள். இஞ்ச, இஞ்ச! காருக்குள்ள!

மாஸ்க் போட்டிட்டாங்கள். ஒட்சிசன் ஓடுது. கையை அசைச்சவள், கண்டனியளோ? விரல் அசைஞ்சது. அந்தப் பிள்ளை, அந்த அம்புலன்ஸ் பிள்ளை, நல்லது நல்லது எண்டு சொல்லுது. பிழைப்பாள் எண்டுதானே அதுக்கு அர்த்தம்? உங்களுக்கும் ஒருக்கா இழுக்கச் சொல்லினம், போங்கோ, இழுங்கோ. எனக்குப் பிறகு.

செல்வமணி மச்சாளுக்கு நீங்களே ஃபோன் எடுத்துச் சொல்லுங்கோ தம்பி, நம்பர் தாறன். தங்கச்சியை இண்டைக்கே வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ. நான் எடுத்தா அவ பறைய மாட்டா. பறைஞ்சாலும் நான் என்னத்தைச் சொல்லுறது?

ஃபான் வெளியால இழுக்க இழுக்க அடுப்பின்ர நச்சுப் புகை திரும்பி வீட்டுக்குள்ள வந்ததெண்டு இந்த ஃபயர்காரர் சொல்லுறார். இப்ப என்ன கேக்கிறார்? எனக்கு விளங்குது தம்பி, இங்கிலிஸ் விளங்காமல் உங்களைக் கேக்கேல்லை. இவவுக்கு எவ்வளவு காலமாத் தலையிடி இருந்தது எண்டு கேக்கிறார். என்ர வாயால வருகுதில்லை. நீங்கள் சொல்லுங்கோ. கார்த்திகையில இருந்து எண்டு சொல்லுங்கோ. இப்ப மாசி. மூண்டு மாசம்.

பொறுங்கோ, அவர் அடுத்ததும் கேக்கிறார். ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை எண்டு கேக்கிறார். அதுக்கு நானே சொல்லுறன். அவள் சொன்னவள். ஒவ்வொரு நாளும் எனக்குச் சொன்னவள். நான்தான் இனிச் சொல்ல வேண்டாம் எண்டு சொன்னனான்.